விண்டோஸ் 10க்குப் பிறகு பழைய டெஸ்க்டாப்: யாருக்கு எந்த வழி?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. அன்றைக்கு எந்த கம்ப்யூட்டரும் அணைந்து போகவில்லை. மறுநாளும் பில் போட்டது, பிரிண்ட் எடுத்தது. அதனால்தான் பலர் இன்னும் முடிவெடுக்காமல், திரையில் வரும் அறிவிப்பை மூடிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

நான் மனதில் வைத்து எழுதுவது ஒரு குறிப்பிட்ட வகை மெஷினை. 2013க்கும் 2017க்கும் இடையில் வாங்கிய அசெம்பிள்டு டெஸ்க்டாப். இன்டெல் ஐ3 அல்லது ஐ5, நான்காம் தலைமுறையிலிருந்து ஏழாம் தலைமுறைக்குள் ஏதோ ஒன்று. எச்81 அல்லது எச்110 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். வீட்டில், ஜெராக்ஸ் கடையில், சின்ன ஆடிட்டர் ஆபீஸில் இன்றைக்கும் இது ஓடிக்கொண்டிருக்கிறது. இதை வைத்திருப்பவர் விண்டோஸ் 10லேயே இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாம், விண்டோஸ் 11க்குப் போகலாம், விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸுக்கு மாறலாம், கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் போடலாம், அல்லது வேறு பெட்டி வாங்கலாம்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிராசசரில் ஆரம்பித்து பிராசசரிலேயே முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பெட்டிக்குள் இருப்பதைவிட, அதன் முதுகில் செருகியிருக்கும் ஒயர்களும், அதில் ஓடும் ஒன்றிரண்டு பழைய மென்பொருட்களும்தான் வழியைத் தீர்மானிக்கின்றன. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

பிரிண்டரில் தொடங்கலாம். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் கேனான் எல்பிபி 2900 என்ற சின்ன லேசர் பிரிண்டரைப் பார்க்காதவர்கள் குறைவு. விண்டோஸில், 11 உட்பட, இது ஒழுங்காக ஓடும். லினக்ஸில் அப்படியில்லை. இந்த பிரிண்டர் கேனானுக்கே உரிய ஒரு மொழியில் பேசுகிறது. அதற்கான டிரைவரைத் தேடிப் போட்டு, ஒருவழியாக வேலை செய்ய வைத்தாலும், அடுத்த பதிப்புக்கு மாறும்போது மறுபடி மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எச்பி லேசர்ஜெட் 1020 பரவாயில்லை. எச்பியின் லினக்ஸ் மென்பொருளோடு கூடுதலாக ஒரு பிளக்இன் போட்டால் போதும். எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரிண்டர்கள் பொதுவாகத் தகராறு செய்வதில்லை.

பில் போடும் கடையில் டிவிஎஸ் எம்எஸ்பி மாதிரி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பழைய அகல பேரலல் போர்ட்டில் மாட்டியிருக்கும். அந்த போர்ட் புது மெஷின்களில் அநேகமாக இருக்காது. யுஎஸ்பி மாற்று ஒயர் இருக்கிறது. ஆனால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள் நேரடியாக பேரலல் போர்ட்டுக்கு அனுப்பிப் பழகியது, யுஎஸ்பி ஒயரை அது கண்டுகொள்ளாது.

டாஸ் என்றதும் சிரிக்க வேண்டாம். ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் யாரோ எழுதிக்கொடுத்த பில்லிங் புரோகிராமை இன்னும் விடாமல் வைத்திருக்கும் மளிகைக் கடைகளும் மருந்துக் கடைகளும் உண்டு. இந்த 16 பிட் புரோகிராம்கள் 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் நேராக ஓடும். விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு இருந்தது, விண்டோஸ் 11இல் கிடையாது. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் பக்கத்தைப் பாருங்கள், 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் இருக்கும். அங்கே 32 பிட் என்றிருந்தால் இருக்கிற விண்டோஸின் மேலேயே 11ஐ ஏற்ற முடியாது. எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். டாஸ் புரோகிராமை, டாஸ் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். அது ஓடினாலும் பிரிண்ட் எடுப்பது தனிப் பஞ்சாயத்து.

அப்புறம், ஜிஎஸ்டி, வருமான வரிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். கைரேகை வைக்கும் கருவி. டேலி. இவை மூன்றில் ஒன்று இருந்தாலும் லினக்ஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எப்படியாவது ஓட வைத்துவிடலாம் என்று சொல்லும் நண்பர் ஒருவர் உங்களுக்கும் இருப்பார். இருபதாம் தேதி இரவு ரிட்டர்ன் போடும்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

கடைசியாகத் தமிழ். யூனிகோடில் தட்டச்சு செய்பவருக்குக் கவலையே இல்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலும் இருக்கிறது, லினக்ஸிலும் இருக்கிறது. பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருக்களில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிப்பவர்களின் கதை வேறு. பாமினி வெறும் எழுத்துருதான், அதை லினக்ஸில் போட்டால் பழைய கோப்பு படிக்கக் கிடைக்கும். ஆனால் அந்த வேலை நடப்பது பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும். அவை இரண்டுக்கும் விண்டோஸ்தான் வீடு.

இருக்கும் இடத்திலேயே ஓராண்டு

மைக்ரோசாஃப்ட் வீட்டு உபயோகக்காரர்களுக்கு ஒரு நீட்டிப்புத் திட்டம் வைத்திருக்கிறது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும். சேர மூன்று வழிகள்: கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு வேண்டாம், இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000, அதுவும் வேண்டாம் என்றால் 30 டாலர். ஒரு கணக்கில் பத்து மெஷின்கள் வரை சேர்க்கலாம். மெஷினில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். எந்த வழியில் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாக வேண்டும். காசு கொடுத்தால் கணக்கு தேவையில்லை என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுக்கிவிழுகிறார்கள்.

பெரிய நிறுவனங்களின் மெஷின்களுக்கு இது பொருந்தாது. ஆபீஸ் நெட்வொர்க்கின் டொமைனில் சேர்ந்த மெஷின்களுக்குத் தனிக் கட்டணம்: முதல் ஆண்டு மெஷினுக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு. மூன்று ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் பழைய ஐ3க்கு அவ்வளவு செலவழிப்பது அபத்தம் என்று தெரியும்.

'விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கு 2028 வரை அப்டேட் வருமாமே, அது போதாதா?' என்று கேட்கிறார்கள். வருவது உண்மைதான். ஆனால் அது புது வைரஸ்களின் அடையாளப் பட்டியல் மட்டும். விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டையை அது அடைக்காது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அசெம்பிள் செய்துகொடுத்த கடையே போட்டுவிட்ட 'ஆக்டிவேட் ஆன' விண்டோஸ் பல வீடுகளில் இருக்கிறது. அப்படி ஆக்டிவேட் செய்யும் கருவியை ஓட்டுவதற்கு முதலில் டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் வருகிறதா என்று கவலைப்படுவதில் என்ன இருக்கிறது? அந்த மெஷினை எந்த வழியில் கொண்டுபோனாலும், முதல் வேலை சுத்தமாக பார்மட் செய்வதுதான்.

மேலே சொன்ன டாஸ் பில்லிங் மெஷினுக்கு என் யோசனை எளிது. இணைய ஒயரைக் கழற்றிவிட்டு, இருக்கும் 32 பிட் விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். பில் மட்டும் போடட்டும். யாருடைய பென் டிரைவையும் அதில் செருகவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். யுபிஐ, மெயில், ரிட்டர்ன் எல்லாம் வேறு மெஷினிலோ போனிலோ நடக்கட்டும்.

விண்டோஸ் 11: நேர் வழியும் குறுக்கு வழியும்

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது வைத்த நிபந்தனைகள் இவை: 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0, மெஷினைத் தொடங்கிவைக்கும் புது முறையான யூஇஎஃப்ஐ, தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட், அதோடு பட்டியலில் உள்ள பிராசசர். அந்தப் பட்டியல் இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும் தொடங்குகிறது. ஐ5-8400 என்றால் எட்டு, ஐ5-6500 என்றால் ஆறு. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்தான் தலைமுறை. பத்தும் அதற்கு மேலும் என்றால் இரண்டு எண்கள்.

உங்களிடம் எட்டாம் தலைமுறை இருந்தும் 'இந்த கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 பொருந்தாது' என்று வருகிறதா? அவசரப்பட்டு வேறு மெஷின் வாங்கிவிடாதீர்கள். அசெம்பிள்டு போர்டுகளில் டிபிஎம் வேலையைச் செய்யும் வசதி பிராசசரோடேயே வருகிறது. இன்டெலில் அதற்குப் பிடிடி என்று பெயர், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். மெஷின் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்ஸில் பலசமயம் அணைத்தே வைத்திருப்பார்கள். அதை ஆன் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதி டிஸ்கில் இருக்கிறது. விண்டோஸ் 7 போட்டுப் பழகிய கை யூஇஎஃப்ஐக்கு முந்தைய லெகசி முறையிலேயே, எம்பிஆர் என்ற பழைய பிரிவு முறை கொண்ட டிஸ்கில் விண்டோஸ் 10ஐயும் போட்டிருக்கும். அந்த நிலையில் பயாஸுக்குப் போய், லெகசி முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம்மை அணைத்து செக்யூர் பூட்டைப் போட்டால், அடுத்த தடவை மெஷின் விண்டோஸுக்குள் போகாது. முதலில் டிஸ்கை ஜிபிடி என்ற புதுப் பிரிவு முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கான எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10லேயே இருக்கிறது, கோப்புகளை அழிக்காமல் மாற்றும். டிஸ்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் முடியாது என்று சொல்லிவிடும். சி, டி, இ என்று பிரித்துப் பிரித்து வைப்பது நம்மூர் வழக்கமாதலால் இந்த மறுப்பை அடிக்கடி பார்க்கலாம். மெஷினில் மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகியிருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் திரை கறுத்துவிடும் வாய்ப்பும் உண்டு. கார்டைக் கழற்றிவிட்டு போர்டில் இருக்கும் போர்ட்டிலேயே மானிட்டரை மாட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் ஒரு சின்னச் செலவு: போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள். பழைய மெஷின்களில் அது செத்துக் கிடக்கும். கரன்ட் போய் வந்தால் தேதி பின்னால் ஓடுவது அதன் அறிகுறி. தேதியோடு பயாஸ் மாற்றங்களும் அழிந்துபோகும். பிடிடி அணைந்துவிடும், செக்யூர் பூட் போய்விடும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போது டிஸ்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. ஆக, ஒரு மின்வெட்டுக்குப் பிறகு நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். யாருடைய கணக்கு என்பதுதான் கேள்வி. கடைப் பையன் தன் மெயில் ஐடியைப் போட்டு விண்டோஸை முடித்துக்கொடுத்திருந்தால் அவனைத்தான் தேடிப் போக வேண்டும். உங்கள் கணக்கில்தான் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

சரி, ஆறாம் ஏழாம் தலைமுறைக்காரர்களின் குறுக்கு வழிக்கு வருவோம். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவ் தயாரித்தால், டிபிஎம், பிராசசர் சோதனைகளைத் தாண்டிப் போட்டுவிடலாம். நான்காம் தலைமுறையிலும் ஓடுகிறது. 24எச்2 முதல் பிராசசரில் சில கட்டளைகள் கட்டாயம் என்றாகிவிட்டதால், கோர் 2 டியோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கதவும் மூடிவிட்டது.

இது ஓடும், ஆனால் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கும். மாதாந்திர அப்டேட்கள் பெரும்பாலும் வந்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, மறுபடி பென் டிரைவ் போட்டு நீங்களே ஏற்ற வேண்டும். வீட்டுப் பதிப்புகளுக்கு ஆதரவு 24 மாதங்கள்தான். 24எச்2 போட்டவருக்கு 2026 அக்டோபரிலும், 25எச்2 போட்டவருக்கு 2027 அக்டோபரிலும் முடிகிறது. ஏதாவது உடைந்தால் மைக்ரோசாஃப்ட் கை கொடுக்காது, முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இதை நீங்களே செய்யத் தெரிந்தவர் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சொந்தக்காரர் வீட்டு மெஷினுக்குச் செய்துகொடுத்தால், ஆண்டுதோறும் அங்கே போகத் தயாராக இருங்கள்.

4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்கும் வைத்துக்கொண்டு விண்டோஸ் 11 பக்கம் போகவே வேண்டாம். காகிதத்தில் 4 ஜிபி போதும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கும், குரோம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் (சுழலாத, வேகமான டிஸ்க்) மொத்தம் 8 ஜிபி ரேமும் இல்லாமல் இந்த வயது மெஷினில் எந்த விண்டோஸும் சுகப்படாது. 2025 கடைசியிலிருந்து புது ரேம் விலை தாறுமாறாக ஏறியிருப்பது உண்மைதான். எச்81 போர்டுகளுக்கான டிடிஆர்3 ரேமைச் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் தேடுவதே புத்திசாலித்தனம்.

லினக்ஸ், ஃப்ளெக்ஸ், வேறு பெட்டி

பின்னால் செருகியது எதுவும் தடுக்கவில்லை என்றால், நான்காம் தலைமுறை மெஷினுக்கு என் முதல் ஓட்டு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டுக்குத்தான். 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. 4 ஜிபிதான் என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அதற்கு மேல் இருந்தால் சினமன். விண்டோஸ் 7 பார்த்துப் பழகிய கண்ணுக்கு விண்டோஸ் 11ஐவிட மின்ட்டின் மெனு பழக்கமானதாகத் தெரியும் என்பது வேடிக்கை.

இதில் எனக்கு மிகப் பிடித்தது, எதையும் அழிக்காமல் பரீட்சை பார்க்கும் வசதி. பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் முழு மின்ட்டும் திரைக்கு வந்துவிடும், டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது. எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் அப்படித்தான் பார்த்தோம். ஐ5 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம். யூடியூப் ஓடியது, வைஃபை பிடித்தது, தமிழ்99இல் 'வாடகை ஒப்பந்தம்' என்று அடித்துக் காட்டினேன். கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஒரு பிரிண்ட் கொடுங்க பார்ப்போம்" என்றார். மேஜைமேல் இருந்தது கேனான் 2900. பட்டியலில் அதன் பெயரே வரவில்லை. "பிரிண்டரை மாத்தணும்ணே" என்றேன். "அதுக்குப் பதிலா உன்னையே மாத்திடுவேன்" என்று சிரித்தார். பென் டிரைவைக் கழற்றினோம், அவருடைய விண்டோஸ் அப்படியே இருந்தது. பிறகு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டு, நல்ல செகண்ட் ஹேண்ட் பெட்டி கிடைக்கும்வரை அதிலேயே ஓட்டச் சொன்னேன்.

வீட்டில் பாட்டுக் கேட்க, செய்தி படிக்க, பிள்ளைகள் பள்ளி வேலை செய்ய என்று மட்டும் இருக்கும் மெஷினுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வேர்ட், எக்செல் வேலைகளுக்கான லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது. வேர்டில் அட்டவணை கட்டி எழுதிய தமிழ்க் கடிதங்கள் அங்கே கொஞ்சம் இடம் மாறித் தெரியலாம், அடுத்தவருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுங்கள்.

குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் கூகுள் இலவசமாகக் கொடுப்பது. மெஷின் முழுவதையும் ஒரு பிரவுசராக மாற்றிவிடும். ஆண்ட்ராய்டு ஆப் எதுவும் ஓடாது, அதை நம்பிப் போட்டு ஏமாறுபவர்கள் நிறைய. ஜிமெயிலும் யூடியூபும் மட்டும் போதும் என்கிற பெரியவர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு வேண்டாம்.

வேறு பெட்டி என்றால் ஷோரூமில் புதிதாக வாங்கச் சொல்லவில்லை. கார்ப்பரேட் ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் மெஷின்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் வந்து குவிகின்றன. விளம்பரத்தில் 'ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி, விண்டோஸ் 11' என்று மட்டும் போட்டிருப்பார்கள். விண்டோஸ் 11 அதில் ஓடுவது ஒன்றையும் நிரூபிக்காது, குறுக்கு வழியில் போட்டிருக்கலாம். பிராசசரின் முழு எண்ணைக் கேளுங்கள். ஆப்டிபிளெக்ஸில் 3050, 7050 ஆறு ஏழாம் தலைமுறை. 3060, 5060, 7060 எட்டாம் தலைமுறை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலவே இருக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் சொல்ல மாட்டார்கள். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதென்றால், பெட்டியில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, மாற்று ஒயருக்கும் சேர்த்தே பேரம் பேசுங்கள். டோக்கனும் டேலியும் கேனான் 2900உம் வைத்திருக்கும் ஆபீஸுக்கு நான் சொல்லும் வழி இதுதான். ஏழாண்டு பழைய பெட்டியாக இருந்தாலும் நேர் வழியில் விண்டோஸ் 11 ஓடும், யாரும் ஆண்டுதோறும் வந்து பார்க்க வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும், இருக்கும் ஹார்ட் டிஸ்கின் மேலேயே எதையும் போட வேண்டாம். புது எஸ்எஸ்டியை மாட்டி அதில் புதியதைப் போடுங்கள். பழைய டிஸ்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, தேதி எழுதிய காகிதம் ஒட்டி அலமாரியில் வையுங்கள். ஏதாவது சொதப்பினால், விண்டோஸ் போட்டிருந்த பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டிக் கடையைத் திறந்துவிடலாம். பயாஸில் லெகசியை யூஇஎஃப்ஐ ஆக மாற்றியிருந்தால் அதையும் பழையபடி திருப்ப வேண்டும், ஆகவே மாற்றும் முன் பயாஸ் திரைகளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேலி டேட்டா இருந்த ஃபோல்டர், டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடந்த பிடிஎஃப்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் வந்துவிட்டன என்று நீங்கள் நினைத்தாலும், அந்த ஆண்டின் வரித் தாக்கல் முடியும்வரை அந்த டிஸ்கை அழிக்கவோ எடைக்குப் போடவோ வேண்டாம்.